பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். மெல்போர்னில் இப்போது குளிர் கடுமையாக இருக்கும். இங்கே ஆடிக் காற்று கொடியில் ஒரு துணியைத் தங்கவிடவில்லை. ராத்திரி லேபிலிருந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஒரு கை அரிசி வைத்து, ரசம் ஊற்றிச் சாப்பிடு.

உன் கட்டுரை வந்ததைத் தம்பி காட்டினான். உன் பெயர்தான் முதலில் இருந்தது. கோடிவீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார்கள். பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் நின்று நீ சொன்னதையே சொன்னேன். உடம்பில் இருக்கிற செல் பல விதமாகச் சாகும். ஒன்று, இலை உதிர்வது போல. 1972-ல் அதற்கு அப்போப்டோசிஸ் என்ற கிரேக்கப் பெயரை வைத்ததே அதனால்தான். செல் தன்னைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளும், பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும், சத்தமே இருக்காது. உன்னுடையது வேறு. கேஸ்டெர்மின்-டி என்ற புரதம் வெட்டுப்பட்டு, அதன் துண்டுகள் செல்லின் சவ்வில் ஓட்டை போடும். செல் ஊதி வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டி, உடம்பு முழுக்க ஆபத்து என்று தகவல் போகும். கிருமியை விரட்ட அது வேண்டும், அளவு மீறினால் ஆளையே சாய்த்துவிடும் என்றாய். கல்லில் வெந்துகொண்டிருந்த ஆப்பத்தின் ஓட்டைகளைக் கரண்டியால் தொட்டு, "இப்படித்தாம்மா" என்றாய்.

அப்படி நின்று பேசிய பிள்ளை இப்போது எனக்கு "நல்லா இருக்கேன்" என்று இரண்டு வார்த்தை அனுப்புகிறது. எலிகளை வைத்துச் செய்த மூன்று மாத வேலை வீணானதைக்கூடத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ இருக்கிற ஊரில்தான் பிசிஎல்-2 என்ற புரதம் செல்லைச் சாகவிடாமல் தடுக்கிறது என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள், அதை மடக்கும் வெனெடோக்ளாக்ஸ் மாத்திரை இரத்தப் புற்றுநோய்க்கு வந்தது 2016-ல் என்று நீதானே சொன்னாய்? 28 வருஷம். மூன்று மாதத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளலாமா? வேளைக்குச் சாப்பிடு.

சித்திக்கு, வீக்கத்தைக் கிளப்புகிற டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் ஊசி போட ஆரம்பித்த பிறகு விரல் நன்றாக மடங்குகிறது. போன வாரம் அவளே பூக் கட்டினாள். கிருமி தொற்றி உடம்பு முழுக்க நிலைகுலைகிற செப்சிஸுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலிக்காத வகை மருந்துதான் மூட்டு வாதத்துக்குப் பலித்தது என்று நீ சொன்னதை அவளிடம் சொன்னேன்.

செப்சிஸ் என்று எழுதிவிட்டேன். சரி, இனி சுற்றி வளைக்கவில்லை.

மாசியில் அப்பா திதியன்று போனில் கேட்டாய், "அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு மூச்சு எத்தனைம்மா இருந்துச்சு?" என்று. நான் எண்ணவில்லை என்றேன். பொய், பாப்பா. எண்ணினேன். பதினோரு மணிக்கு அவர் நெஞ்சில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன். 30. கால் ஜில்லென்று இருந்தது. அறுப்புக்கு ஆள் வந்தாச்சா என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். மூச்சு 22-ஐத் தொட்டாலே சும்மா இருக்காதே என்று எத்தனை நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். வார்டில் என்றால் ஓடிப்போய் டாக்டரை எழுப்பியிருப்பேன். வீட்டில், முள் குத்தின காலுக்கு இவ்வளவு ஆகுமா, விடியட்டும் என்று பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் கிடைக்கவில்லை.

அப்பாவுக்காகத்தான் நீ இந்த ஆராய்ச்சிக்குப் போனாய் என்று ஊரில் பேசும்போது நானும் தலையாட்டுகிறேன். எந்த மருந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நீ அங்கே தேடுகிறாய். அந்த ஆறு மணி நேரத்தை உன்னிடம் மறைத்துவிட்டு, வேளைக்குச் சாப்பிடு, சாப்பிடு என்று எழுதுகிறேன்.

எண்ணியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன், வார்டு பழக்கம். ஜுரம் 102, நாடி 124, மூச்சு 30. இத்தனை நாள் பீரோவில் அப்பா வேட்டிக்குள் இருந்தது. அதையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தம்பியைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் பேசு.

அம்மா