ரபாய் பாசே ஒலிப்பதிவு: செயலாளர் ஆண்டறிக்கை

அஸ்ஸலாமு அலைக்கும். வழக்கமா வரவு செலவுல தான் ஆரம்பிப்போம், இந்த தடவை அதை பொருளாளர் கடைசில வாசிக்கட்டும், ஏன்னா வருஷம் முழுக்க நாம ஓடினது ரெக்கார்டிங்குக்கு தான்.

ரபாய்ங்கிறது ஒரு பக்கம் தோல் கட்டின நம்ம மேளம், அதை கூட்டமா சேர்ந்து அடிக்கிறது தான் ரபாய் பாசே. இந்தோனேசியாவுல நம்ம வடக்கு அச்சேல அதை அடிக்கிற கை குறைஞ்சுட்டே வருது. அரசு படைக்கும் அச்சே விடுதலை இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலத்துல ராத்திரி வெளிய வரவே பயம், விடிய விடிய ஊருக்கு ஊர் மோதுற உரோ போட்டியெல்லாம் பல இடத்துல நின்னு போச்சு, 2005 ஆகஸ்ட்ல அந்த சண்டையை நிறுத்தின ஹெல்சிங்கி ஒப்பந்தம் வர்றதுக்குள்ள ஒரு தலைமுறை பசங்க கத்துக்காமலே வளந்துட்டாங்க.

முதல் தடவை எடுத்தது அத்தனையும் வீண், ஒளிக்காம சொல்லிடறேன். மைக்கை கிட்ட வச்சு லெவலை ஏத்திட்டோம், எல்லா ரபாயும் ஒண்ணா விழுந்ததும் சத்தம் கிழிஞ்சு போச்சு. அடுத்த தடவை மைக்கை தள்ளி வச்சு, பெரிய அடி கூட மைனஸ் 12 டெசிபலை தாண்டாம பாத்துக்கிட்டு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா எடுத்தோம். போன்ல எடுத்தா போதாதான்னு பல பேர் கேட்டீங்க. போன்ல டக் டக்னு மேல் சத்தம் மட்டும் தான் வருது, தொங்கற பெரிய ரபாய் நெஞ்சுல வந்து முட்டுமே, அந்த தும் வரல. அது இல்லன்னா அது ரபாய் பாசேயே இல்ல.

நான் முக்கியமா சொல்ல வந்தது இது தான். ஒரு சாயங்காலம் மழை ஈரத்துல தோல் தொய்ஞ்சு போயிருந்துச்சு, குழுவை நடத்துற நம்ம ஷேக் அவங்க ஒவ்வொரு ரபாயா தட்டி காதை வச்சு கேட்டு, தோலுக்கும் மரத்துக்கும் நடுவுல பிரம்பை அழுத்தி சொருகி ஸ்ருதி ஏத்தினாங்க, கூடவே ஒவ்வொரு அடிக்கும் பேர் சொல்லி, யார்கிட்ட கத்துக்கிட்டதுன்னும் சொல்லிட்டே வந்தாங்க. மைக் ஓடிட்டு இருந்துச்சு. என்னைக் கேட்டா இந்த வருஷத்து சொத்து அந்த முக்கால் மணி நேரம் தான். பேர் தெரியாத தாளம் ஹார்ட் டிஸ்க்ல கிடந்தா நாளைக்கு கேக்கற பையனுக்கு என்ன புரியும்?

மூணு காப்பி போட்டிருக்கோம், ஒண்ணு கடல்கரையை விட்டு தள்ளி வேற ஊர்ல. 2004 சுனாமில வீட்டோட போன பொருளை கண்ணால பாத்தவங்க நாம.

ஷேக் அவங்க இன்னும் பாதி தான் சொல்லியிருக்காங்க, மீதி அறுப்பு முடிஞ்சதும். தயவுசெஞ்சு ரபாயை முந்தின நாளே கொண்டு வந்துடுங்க, தோல் அந்த இடத்து காத்துக்கு பழகணும்.