பின்னாலிருந்து படித்த சேலம்

சேலம் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்கள் 60 பேருக்கும் வணக்கம்.

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரி. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் அறிவியல் புனைகதை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ரோடு, சாக்கடை, குடிதண்ணீர் என்று தலைக்கு மேல் வேலை இருக்கிறவர்களிடம் கதை படிக்கச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். எனக்கு இந்த எண்ணம் வந்த இடமே ஒரு ரேஷன் கடைதான்.

என் மாமியாருக்கு 78 வயது. நாற்பது வருடம் கொலுசுப் பட்டறையில் இருந்தவர். வெள்ளிக் கம்பியைப் பிடித்து, பற்றவைத்து, அமிலத்தில் கழுவி, மெருகு போட்டு, அவருடைய விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் வந்தபோது அந்த விரல்களை அது ஏற்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எல்லாம் வைத்துப் பார்த்தார். “பாட்டி, ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்றார் கடைக்காரர். “சரி சாமி” என்று வந்துவிட்டார். அடுத்த நாளும் அதே பதில், அதற்கடுத்த நாளும் அதே பதில். விதிப்படி அவருக்கு வேறு வழிகள் இருந்தன. வயதானவர்களுக்குப் பதிலாக வேறு ஒருவர் வாங்கலாம், அதற்கென்று படிவம் உண்டு. அதைக் கடையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர், தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வேலை செய்து தேய்ந்த கை. அந்தக் கைக்குரியவர் யார் என்பதை ஒரு சின்னப் பெட்டி சந்தேகப்பட்டுவிட்டது.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. அதற்கும் நம் ஊர்ப் பெயருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர். அந்த மாநிலத்தில் வாழ்ந்த எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973-ல் ஒரு சிறுகதை எழுதினார். அதில் வரும் நகரம் ஒமெலாஸ். அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டவர்களிடம், சாலையோரப் பலகையைப் பின்னாலிருந்து படித்தேன் என்றார். ‘சேலம், ஓ’ (ஓ என்றால் ஓரிகன்) என்பதை ஆங்கிலத்தில் கடைசி எழுத்திலிருந்து கூட்டிப் படித்தால் ஒமெலாஸ் வந்துவிடும்.

ஒமெலாஸில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். மன்னர் இல்லை, அடிமை இல்லை, திருவிழாவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் நிலவறையில், சன்னல் இல்லாத அறையில், ஒரு குழந்தை அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அரைவயிற்றுச் சோறு, அழுக்கு, யாரும் ஒரு நல்ல வார்த்தை பேசக்கூடாது. ஊரின் அத்தனை சந்தோஷமும் அந்தக் குழந்தை அங்கே இருப்பதால்தான் நடக்கிறது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிகிற வயதில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுகிறார்கள். பலர் அழுகிறார்கள், அப்புறம் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் ஒரு நாள் ஊரை விட்டு நடந்து போய்விடுகிறார்கள்.

இந்தக் கதையை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பையன் எழுந்து, “எங்க தாத்தா ஊரும் தண்ணிக்குள்ளதான் இருக்கு டீச்சர்” என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது. மேட்டூர் அணையை 1925-ல் கட்டத் தொடங்கி 1934-ல் முடித்தார்கள். நீர் தேங்கிய இடத்தில் இருந்த ஊர்கள் உள்ளே போயின. இன்றைக்கும் அணையில் தண்ணீர் நன்றாகக் குறைந்தால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். நாம் குடும்பத்தோடு போய்ப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். ஜூன் 12-ல் மதகு திறந்தால் தஞ்சாவூர் வரை வயல் நனைகிறது. அந்தச் சோற்றைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது, நானும் அதைத் தின்றவள்தான். ஆனால் அந்தப் பையனின் தாத்தா என்ன சொன்னார் என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா?

லெ குவினின் கதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தக் கதவை ஒருவரும் திறப்பதில்லை. திறந்தால் ஊரின் வாழ்வே போய்விடும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையைப் போட்டது யார் என்று கதை சொல்லவில்லை. நம் ஊரில் நிபந்தனை போடுகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஊரை விட்டு நடந்து போக என் மாமியாருக்குக் காலில் வலு இல்லை, எனக்கும் விருப்பமில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அறிவியல் புனைகதை என்றால் நாளைக்கு என்ன கருவி வரும் என்று ஜோசியம் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாம் பட்சம். ஒரு கருவி வந்தால் எந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதுதான் அந்தக் கதைகளின் வேலை. அரசாங்கக் கோப்பில் அந்த வீடு இருக்காது. எத்தனை கருவி, என்ன விலை, எப்போது முடியும் என்று மட்டும் இருக்கும்.

இதை நாம் நம் மாவட்டத்திலேயே கண்ணால் கண்டிருக்கிறோம். ஸ்கேன் மெஷின் வயிற்றில் இருக்கும் குழந்தை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வந்தது. பெண் பிள்ளை வேண்டாம் என்று பிறந்த பின் கொன்றுகொண்டிருந்த ஊர்களில் அந்த மெஷின் என்ன செய்யும் என்று கற்பனை செய்யப் பெரிய மேதை தேவையில்லை. ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரு டாக்டர் என்று மூன்று பாத்திரங்களை வைத்து ஒரு பக்கக் கதை எழுதியிருந்தால் போதும், முன்னாலேயே தெரிந்திருக்கும். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. கருவி முதலில் வந்தது, சட்டம் பின்னால் ஓடி வந்தது. நடுவில் போன உயிர்களுக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. நான் பாடம் நடத்திய வகுப்புகளில் பெண் பிள்ளைகள் உட்காரும் பக்கம் பெஞ்சு காலியாக இருந்ததைப் பார்த்தவள் என்பதால் இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

சுஜாதாவை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது எங்கள் தெருவில் ஒரு புத்தகத்தைப் பத்து வீடு படித்தோம். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய நாடு. ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். அவரை எல்லோரும் கும்பிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, ஒளியால் செய்த உருவம், பின்னால் வேறு சிலர் இருந்து இயக்குகிறார்கள். இன்றைக்கு இறந்துபோன தலைவர்களின் முகத்தையும் குரலையும் கணினியில் செய்து மேடையில் பேச வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜீவாதான் நினைவுக்கு வருகிறார். பேசுகிறவர் யார், பேச வைக்கிறவர் யார் என்று பிரித்துக் கேட்க அந்தத் தொடர் என் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதே சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர். அந்த இயந்திரத்தை 1982-ல் கேரளாவில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல் முறையாக வைத்தார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்புறம்தான் அது ஊர் ஊராக வந்தது. கருவி நல்லதாகவே இருந்தாலும், அது நிற்க ஒரு சட்டம் வேண்டும், அதைப் பற்றி நாடு பேசி முடித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் காக்க வைத்ததே, அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சேலத்துக்கு இந்தப் பொறுமை புதிதும் இல்லை. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் மதுவிலக்கை ஒரே நாளில் மாகாணம் முழுக்கக் கொண்டுவரவில்லை. 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் வேறு சில மாவட்டங்களுக்குப் போனது. கள், சாராய வருமானம் நின்றால் கஜானாவுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்று ஒரு மாவட்டத்தில் செய்து பார்த்து, அடுத்த அடி வைத்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான் யோசிக்கிறார்கள்.

இந்த வகைக் கதை நமக்கு அந்நியம் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1952-ல் அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘காடு’ படத்தை எடுத்தது. யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமூத்களாகக் காட்டினார்கள்.

மாமன்றத்தில் இருக்கும் பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. 1905-ல், ஒரு பெண் வாக்களிப்பதே இந்த நாட்டில் நினைத்துப் பார்க்க முடியாதபோது, வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் ‘சுல்தானாவின் கனவு’ என்று ஒரு கதை எழுதினார். அது முதலில் அச்சானது நம் சென்னையில், இந்தியன் லேடீஸ் மேகசின் என்ற பத்திரிகையில். அந்தக் கதையில் ஒரு நாட்டைப் பெண்கள் ஆள்கிறார்கள். மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய அடுப்பு வரும் என்று அவர் சரியாகச் சொன்னதற்காக நான் அந்தக் கதையைக் கொண்டாடவில்லை. அறிவு யார் கையில் இருக்கிறதோ தெரு அவர்களுக்குச் சொந்தமாகிறது என்று அவர் பார்த்தாரே, அதற்காகத்தான். உங்கள் நாற்காலியில் உங்கள் வீட்டுக்காரரை உட்கார விடாதீர்கள் அம்மா. அந்தக் கோப்பை நீங்களே திறந்து படியுங்கள். புரியாத இடத்தில் கேளுங்கள்.

2016-ல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்ததிலிருந்து கேமரா, செயலி, சென்சார் என்று எத்தனையோ பேச்சு. இனியும் வரும். முகம் பார்த்து ஆளைச் சொல்லும் மென்பொருள் வரும், யாருக்கு உதவித்தொகை என்று தானாகவே முடிவு செய்யும் கணினி வரும். அவற்றில் நல்லதும் இருக்கும். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, கேமரா நம் தெருமுனையில் இருக்கிறது. நடுவில் இருப்பவர்கள் நீங்கள்தான். ஐம்பது பொருளை அரை மணி நேரத்தில் ‘ஆல் பாஸ்’ என்று முடிக்கும் கூட்டத்தில் இதையும் சேர்த்து முடித்துவிடாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். இனி மெஷின், மென்பொருள், கேமரா சம்பந்தமான எந்தப் பொருள் மன்றத்துக்கு வந்தாலும், கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டுவதற்கு முன்னால், அந்தக் கருவியிடம் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒருவரைப் பத்து நிமிடம் பேச விடுங்கள். கொலுசுப் பட்டறைக்காரர், தறிக்காரர், குப்பை அள்ளும் அம்மா, ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து இங்கே வேலை தேடும் பிள்ளை, யாராவது ஒருவர். கருத்து என்று கேட்டால் “எனக்கென்ன தெரியும்” என்பார்கள். “இந்த மெஷின் உங்கள் தெருவுக்கு வந்தால் விடிந்ததிலிருந்து ராத்திரி வரை உங்கள் நாள் எப்படிப் போகும், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கதையாகச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்வார்கள். பகுதி சபைக் கூட்டங்களிலும் இதையே செய்து பார்க்கலாம்.

முதல் கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டாம். என் மாமியாரை நானே ஆட்டோவில் அழைத்து வருகிறேன். மைக் வேண்டாம், அவருக்குக் குரல் கணீரென்று இருக்கும். முழங்கால் வலி இருப்பதால் ரொம்ப நேரம் நிற்க முடியாது, ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை