செயற்கைக்கோள் இணையத்தின் முழுச் செலவை மலைக்கிராமங்களுக்குச் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் வழி இணையச் சேவை பற்றிய செய்தி எங்கே பேசப்பட்டாலும் "மாதம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்விதான் எழுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொலைபேசிக் கேபிள் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், பென்னாகரம் பக்கத்து மலையூர்களில் இருப்பவர்கள் இந்தச் சேவையை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களிடம் மாதக் கட்டணத்தை மட்டும் சொல்லி அனுப்புவது சரியில்லை. ஒரு குடும்பமோ ஊராட்சியோ இதற்காக ஐந்து ஆண்டுகளில் கையை விட்டுக் கொடுக்கப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்பது பணம் கட்டும் முன்பே தமிழில் எழுத்தாக அவர்கள் கைக்கு வர வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலில், கட்டணம் என்று இதுவரை காதில் விழுந்த எண்களைப் பார்ப்போம். செயற்கைக்கோள் இணையம் விற்கும் அமெரிக்க நிறுவனமான ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும், விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி வழங்கும் மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பின் அனுமதி ஜூலையிலும் கிடைத்தன. அந்தச் சமயத்தில் மத்திய இணையமைச்சர் மாதக் கட்டணம் ஏறத்தாழ ரூ.3,000 ஆக இருக்கும் என்றும், நாடு முழுவதற்கும் 20 லட்சம் இணைப்புகளுக்கு மேல் கொடுக்க இயலாது என்றும் கூறினார். பின்னர் 2025 டிசம்பரில் நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் மாதம் ரூ.8,600 என்றும், கூரையில் பொருத்தும் தட்டு உள்ளிட்ட கருவிக்கு ரூ.34,000 என்றும் எண்கள் தோன்றின. அவை தவறுதலாக வெளியான சோதனைத் தரவு, உண்மையான விலை அல்ல என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. ஆகவே அந்த ரூ.8,600 ரூபாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை. குறைந்த எண்ணாகிய ரூ.3,000 ரூபாயையே எடுத்துக்கொள்கிறேன். கருவிக்கு வேறு எண் கையில் இல்லாததால், அந்த ரூ.34,000 ரூபாயை ஒரு உத்தேச மதிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மாதம் ரூ.3,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.1,80,000 ஆகிறது. தொலைத்தொடர்புச் சேவைகளுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சொல்லப்படும் கட்டணத்தில் வரி அடங்கவில்லை என்றால் அதற்கு மேலும் ரூ.32,400 சேரும். கருவியின் விலையையும் கூட்டினால் ரூ.2,46,400. பெரும்பாலானோர் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுவார்கள். மலையூர் வீட்டுக்கு மட்டும் உரிய செலவுகள் இதற்குப் பிறகே வருகின்றன.

அவற்றில் யாரும் பேசாதது மின்சாரம். வீட்டுக்கூரையில் பொருத்தும் இந்தத் தட்டு, வானில் நகர்ந்துகொண்டே இருக்கும் செயற்கைக்கோள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்து பேசும் கருவியாகும். டிவி டிஷ்ஷைப் போல ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. வெளிநாடுகளில் விற்கப்படும் வழக்கமான வீட்டுக் கருவி சராசரியாக 75 முதல் 100 வாட் வரை மின்சாரம் எடுக்கிறது. குறைந்த அளவான 75 வாட்டையே எடுத்துக்கொண்டாலும், இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 54 யூனிட், இரண்டு மாதங்களுக்கு 108 யூனிட் ஆகிறது. நம் மாநிலத்தில் 2025 நிலவரப்படி வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். சில விளக்குகளும் ஒரு மின்விசிறியும் ஒரு டிவியும் மட்டும் உள்ள வீட்டில் அந்த நூறு யூனிட்டுக்குள் செலவு அடங்கி, மின்கட்டணமே இல்லாமல் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த ஒரு கருவி வந்தால், அது ஒன்றே இலவச அளவு முழுவதையும் விழுங்கிவிட்டு அதற்கு மேலும் கேட்கும். யூனிட்டுக்கு ரூ.5 என்று வைத்தாலும் ஐந்து ஆண்டுகளில் ரூ.16,200 ஆகிறது. சிறிய வகைக் கருவி 25 முதல் 40 வாட்டில் இயங்குகிறது என்பது உண்மை; பயன்படுத்தாத நேரத்தில் அணைத்து வைக்கலாம் என்பதும் உண்மை. இந்தச் செய்தியையாவது விற்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் அல்லவா?

மின்சாரம் இருக்கும்போது இந்தக் கணக்கு. காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் நாளில் மரம் முறிந்து மின்கம்பியில் விழுந்தால், காட்டுக்குள் இருக்கும் ஊர்களில் மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் ஆம்புலன்ஸை அழைக்கவோ வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லவோ இணைப்பு மிகவும் தேவைப்படும். ஆகவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இல்லாமல் இந்தச் சேவைக்கு மலையில் பொருளே இல்லை. உயரமான இடத்தில் தட்டு வைப்பதால் இடியில் இருந்து காக்க எர்த் கம்பி போட வேண்டும். மரக்கிளைகள் வானத்தை மறைத்தால் இணைப்பு விட்டு விட்டு வரும் என்பதால், மரங்களுக்கு மேலே தலை நீட்டும் இரும்புக் குழாய் ஒன்று நட வேண்டியிருக்கும். வனப்பகுதியை ஒட்டிய ஊரில் மரத்தை வெட்டிவிடலாம் என்று யாரும் எண்ணக் கூடாது, எண்ணவும் முடியாது. இவை அனைத்துக்கும் சேர்த்து, மிகக் குறைத்தே மதிப்பிட்டு, ரூ.20,000 வைக்கிறேன்.

எல்லாம் கூட்டினால் ரூ.2,82,600 வருகிறது. அறுபது மாதங்களால் வகுத்தால் மாதம் ரூ.4,710. மூவாயிரம் என்று கேட்டு உள்ளே வந்த குடும்பம் உண்மையில் கொடுப்பது நான்காயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி ரூ.336. அதன்படி பார்த்தால் ஒரு மாத இணையத்துக்குப் பதினான்கு நாள் கூலி போய்விடுகிறது. அதே வேளையில், தருமபுரி நகரிலோ ஓசூரிலோ இருப்பவர் மாதம் ரூ.499 கட்டணத்தில் ஃபைபர் இணைப்பு வாங்கினால், வரியும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு அவர் செலவு ஏறத்தாழ ரூ.35,000தான். வருமானம் குறைந்தவர் எட்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்ற நிலையை முன்னேற்றம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

நம் பகுதியில் போர்வெல் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கின் போக்கு நன்றாகத் தெரியும். அடிக்கு எவ்வளவு என்று மட்டும் பேசி வண்டியை வரவழைத்துவிட்டு, கேசிங் பைப்பு, மோட்டார், கேபிள், மின் இணைப்பு என்று பின்னால் வரும் செலவில் நகையை அடகு வைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்தச் சேவையின் விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். பழைய முறையில், பூமியில் இருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் பெரிய செயற்கைக்கோள் ஒன்றே ஒரு நாட்டுக்குப் போதுமானது. 2018 டிசம்பரில் ஏவப்பட்ட நம் ஜிசாட்-11 அத்தகையதுதான். அதன் எடை 5,854 கிலோ. ஆனால் அவ்வளவு தூரம் சமிக்ஞை போய்த் திரும்பி, பதிலும் அதேபோல் வந்து சேர ஏறத்தாழ அரை விநாடி பிடிக்கும் என்பதால் வீடியோ அழைப்பில் ஒருவர் பேச்சின் மீது மற்றவர் பேச்சு ஏறிவிடும். அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களைச் சுற்ற விடுகிறார்கள். அவற்றின் ஆயுள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அதன் பின் எரிந்து அழிய, புதியவற்றை ஏவிக்கொண்டே இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் சூரியனால் எழுந்த ஒரு புவிக்காந்தப் புயலில், அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 செயற்கைக்கோள்களில் 40 வரை ஒரே வீச்சில் போயின. ஒருமுறை இழுத்துவிட்டால் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் கண்ணாடியிழை (ஃபைபர்) கேபிளுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு இதுதான்: கேபிளில் முதல் செலவு பெரிது, பிறகு குறைவு, செயற்கைக்கோளில் முதல் செலவும் பெரிது, அதே செலவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பவும் வருகிறது. அந்தப் பணத்தைச் சந்தாதாரர் தராவிட்டால் வேறு யாராவது தந்தாக வேண்டும்.

இன்று சொல்லப்படும் விலை நாளைக்கும் நிற்கும் என்று எடுத்துக்கொள்வதற்கும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்லிங்க் தன் தட்டை 499 டாலருக்கு விற்றபோது, அதைச் செய்ய நிறுவனத்துக்கு ஆன அடக்கம் அதைவிடப் பல மடங்காக இருந்தது. நட்டத்துக்குக் கொடுத்துத்தான் சந்தாதாரர்களைச் சேர்த்தார்கள். 2022 மார்ச்சில் மாதக் கட்டணம் 99 டாலரில் இருந்து 110 டாலராக உயர்ந்தது. தொழிலே முறிந்துபோன முன்கதைகளும் உண்டு. 1998இல் சேவையைத் தொடங்கிய இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. செயற்கைக்கோள் இணையத்துக்கான ஒன்வெப் நிறுவனம் 2020 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. பிரிட்டன் அரசும் பாரதி நிறுவனமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு அதைத் தூக்கி நிறுத்தின. ஒரு நிறுவனத்தின் தட்டு மற்றொரு நிறுவனத்தின் செயற்கைக்கோளுடன் பேசாது என்பதால், நிறுவனம் கைவிட்டாலோ விலையை ஏற்றினாலோ முப்பத்து நான்காயிரம் கொடுத்த தட்டு கூரையில் வெறும் தகடாகத்தான் இருக்கும். சிம் அட்டையை மாற்றுவதுபோல் இங்கே மாற முடியாது.

இவ்வளவு எழுதுவதால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர்மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறிச் சென்றதைச் செய்தித்தாள்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊருக்குப் பாறையைக் குடைந்து கேபிள் கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பதை, கருங்கல் பூமியில் பள்ளம் தோண்டிய நாங்கள் நன்கு அறிவோம். காவிரிக் காட்டுயிர் சரணாலயத்துக்குள் ஒவ்வொரு கம்பத்துக்கும் அனுமதி தேவை. அங்கே வான் வழியே வரும் இணைப்பு உண்மையான வரம்தான். ஆனால் அதை வீட்டுக்கு வீடு விற்பது ஏழைகளிடம் செய்யும் தவறான வணிகம் என்பதே என் கருத்து.

நாற்பது வீடுகள் உள்ள ஊரில் பள்ளியிலோ ரேஷன் கடையிலோ ஒரே ஒரு தட்டு வைத்து, அங்கிருந்து வைஃபை மூலம் பகிர்ந்தால் மேலே கண்ட ரூ.4,710 வீட்டுக்கு ரூ.118 ஆகக் குறைகிறது. நூறு எம்பிபிஎஸ் வேகம் கிடைத்தால், நாற்பது வீட்டாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் ஒவ்வொருவருக்கும் இரண்டரை எம்பிபிஎஸ் தேறும். திரைப்படம் பார்க்க அது திணறலாம். பாடம் கேட்கவும், மருத்துவரிடம் பேசவும், ரேஷன் கடையில் கைரேகை பதியவும், பட்டா நகல் எடுக்கவும் அது போதும். 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் சிறு கடைக்காரர்கூடப் பொது வைஃபை வழங்க வழி செய்கிறது. ஆயினும் வீட்டு உபயோகத்துக்கான சந்தாவை இப்படிப் பிறருக்கு விற்க நிறுவனங்கள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஊருக்கு ஒரு தட்டு என்ற பொதுச் சந்தாவை மலைக்கிராமங்களுக்குக் கட்டாயமாக வழங்க வேண்டும் என்பதை அரசுதான் நிபந்தனையாக வைக்க முடியும்.

2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அளித்த பரிந்துரைகளில், அலைக்கற்றைக்கு நிறுவனங்கள் தம் வருவாயில் 4 விழுக்காடு செலுத்த வேண்டும் என்பதோடு, நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.500 கூடுதலாகச் செலுத்த வேண்டும், கிராமப்புறத்துக்கு அது இல்லை என்று கூறியிருந்தது. பின்தங்கிய பகுதிகளில் கருவிக்கு அரசு மானியம் தருவதைப் பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. நோக்கம் நல்லதே. ஆனால் நான் மேலே காட்டிய கணக்கில் கருவியின் பங்கு எட்டில் ஒன்றுக்கும் குறைவு. கருவியை இலவசமாகவே கொடுத்தாலும் மீதிச் சுமை மாதந்தோறும் குடும்பத்தின் தலையில் ஏறும். கட்ட முடியாமல் சில மாதங்களில் சேவை நின்றுவிட்டால் மானியப் பணமும் கூரையில் துருப்பிடிக்கும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் உரிமக் கட்டணத்தின் வழியாகச் செலுத்தும் தொகை சேரும் டிஜிட்டல் பாரத் நிதியில் இருந்து மானியம் தருவதானால், பொது இணைப்பின் மாதக் கட்டணத்துக்கும் சோலார் தகட்டுக்கும் பேட்டரிக்கும் தர வேண்டும்.

என் பெரிய கவலை வேறொன்று. வானில் இருந்து இணையம் வந்துவிட்டது என்று காரணம் காட்டி, தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்க வகுத்த பாரத்நெட் பணியைக் கடைசி மைலில் நிறுத்திவிடக் கூடாது. மின்கம்பங்கள் செல்லும் ஊர்களுக்கெல்லாம் அதே கம்பங்களில் கேபிள் செல்ல முடியும். அதுவும் இயலாத இடத்தில், நேர்ப்பார்வையில் தெரியும் குன்றில் இருந்து குன்றுக்குக் கம்பியில்லா இணைப்பு கொடுக்கலாம். நம் மாவட்டங்களின் நிலஅமைப்பு அதற்கு உதவியாகவே இருக்கிறது. இவ்விரண்டும் முடியாத ஊர்களுக்கு மட்டுமே செயற்கைக்கோள் என்ற வரிசை மாறக் கூடாது.

ஆகவே இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் உங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் இது. கேபிளும் டவரும் எட்டாத குக்கிராமங்கள் எவை என்ற பட்டியலைத் தயாரித்து, அடுத்த கிராமசபைக் கூட்டங்களில் அந்தந்த ஊர் மக்கள் முன் வைத்துச் சரிபாருங்கள். முகவர்கள் எந்த ஊரிலாவது முன்பணம் வாங்கும் முன், கருவி, கட்டணம், வரி, மின்சாரம், பேட்டரி, பழுதுச் செலவு, இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய அனைத்தையும் ஐந்தாண்டுக் கணக்காகத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கச் செய்யுங்கள். எல்லையோர ஊர்களில் அதைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் கொடுப்பது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.