லட்லோவிலிருந்து ராமநாதனுக்கு

லட்லோ,
12 மே

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, உன் கைப்படவே எழுதியிருக்கிறாய் என்று பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போட்டுக்கொள். வெயிலில் இறங்கினால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதே.

இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு ஹெரிஃபோர்டில் வேலை, வீடு லட்லோவில். ரயிலில் அரை மணி நேரம்தான். பேத்தி பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அவளைக் கொண்டுபோய் விட்ட பிறகு மதியம் வரை எனக்கு வேலை எதுவும் கிடையாது. அந்த நேரத்தை எல்லாம் இந்த ஊருக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"பத்தாயிரம் பேர் இருக்கிற ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நகரமைப்புத் துறையில் காலம் தள்ளியவன் நீ. அதனால் உனக்கு வரைபடத்திலிருந்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தென்கோடியில் ஒரு மேடு. அதை டீம் என்ற ஆறு தெற்கிலும் மேற்கிலும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மேட்டின் மேற்கு நுனியில், ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறையில் கோட்டை. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே மேட்டின் முதுகோடு ஓர் அகன்ற வீதி. அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி இறங்கும் இரண்டு நேர்த்தெருக்கள்: மில் ஸ்ட்ரீட், பிராட் ஸ்ட்ரீட். தெருவைப் பார்த்து ஒடுங்கிய முகப்பும், பின்னால் நீண்டு போகும் கொல்லையுமாக மனைகள். யாரோ உட்கார்ந்து, கயிறு பிடித்து அளந்து, யோசித்துப் போட்ட ஊர் என்பது நின்று பார்த்தாலே தெரிகிறது.

அது உண்மையும்தான். 1086இல் நார்மன் மன்னன் வில்லியம் நாடு முழுவதையும் கணக்கெடுத்து எழுதவைத்த டூம்ஸ்டே புத்தகத்தில் லட்லோ என்ற பெயரே இல்லை. அன்று இது ஸ்டான்டன் என்ற பெரிய பண்ணையின் ஒரு மூலை. அந்தப் பண்ணை டி லேசி என்ற நார்மன் குடும்பத்தின் கையில் இருந்தது. வேல்ஸ் பக்கமிருந்து வரும் தாக்குதலைத் தடுக்க அவர்கள் கோட்டை எழுப்பினார்கள். அதன் வாசலிலேயே ஊரையும் போட்டார்கள். வியாபாரிகளும் கைவினைஞர்களும் வந்து குடியேறினால் மனை வாடகை வரும், சந்தை வரி வரும், கோட்டைக்குத் தேவையான பொருளும் வாசலுக்கே வரும். அதனால்தான் அந்த அகன்ற வீதி. வண்டிகள் வந்து நிற்க, ஆடு மாடு கட்ட, கடை விரிக்க என்று கோட்டை வாசலிலிருந்து புல் ரிங் என்ற கிழக்கு முனை வரைக்கும் ஒரே திறந்தவெளியாக விட்டிருந்தார்கள்.

அந்த வெளிக்கு அப்புறம் என்ன ஆனது என்பது உனக்குப் பிடிக்கும். சந்தை நாளுக்கு மட்டும் பலகை போட்டு விற்றவர்கள், நாளடைவில் பலகையை எடுக்காமல் விட்டார்கள். அதற்கு மேல் கூரை வந்தது, கூரைக்குக் கீழே சுவர் வந்தது, சுவருக்கு மேல் மாடியும் வந்தது. இப்படியே அகன்ற வீதியின் நடுப்பகுதி வரிசை வரிசையாகக் கட்டடங்களால் நிரம்பிவிட்டது. இன்று அங்கே ஒரு வீதிக்குப் பதிலாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஒடுக்கமான சந்துகள் இருக்கின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய இடங்களும் உண்டு. நம் அலுவலக மொழியில் சொன்னால் சுத்தமான ஆக்கிரமிப்பு. ஆனால் அந்தச் சந்துகளில்தான் எனக்கு நடக்கப் பிடிக்கிறது. சின்னச் சின்னக் கடைகள் இன்றும் அங்கேதான். கோட்டை வாசலுக்கு நேர் முன்னால் இருந்த பகுதி மட்டும் திறந்தவெளியாகத் தப்பியது. காசில் ஸ்கொயர் என்று பெயர். சந்தை இப்போதும் அங்கேதான் கூடுகிறது.

ஊருக்குப் பணம் தந்தது ஆட்டு ரோமம். இந்த எல்லைப்புறக் குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் ரோமத்துக்கு வெளிநாடுகளில் நல்ல விலை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே லாரன்ஸ் என்ற வியாபாரி இருந்தார். இங்கிலாந்திலேயே பெரிய ரோம வியாபாரிகளில் ஒருவர். முதலாம் எட்வர்ட் மன்னனுக்கே கடன் கொடுத்தவர். ஊருக்குச் சில மைல் வடமேற்கே ஸ்டோக்சேயில் அவர் கட்டிய மாளிகை இன்றும் கூரையோடு நிற்கிறது. அதற்குக் கோட்டை மதில் வைத்துக்கொள்ள 1291இல் மன்னனிடம் அனுமதி வாங்கியிருக்கிறார். 1294இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது, ரோம ஏற்றுமதிக்குக் கடுமையான வரி போட மன்னனுக்கு வழி செய்து கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். வியாபாரிகள் அந்த வரியை, ரோமத்துக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்து, ஆடு வளர்ப்பவர்களின் தலையில் இறக்கிவிட்டார்கள். அதே வருடக் கடைசியில் ரோமம் ஏற்றிய கப்பல் ஒன்று மூழ்கி லாரன்ஸ் இறந்துபோனார். ரோமக்காரர்களுக்குச் செய்த பாவத்துக்கு ரோமக் கப்பலிலேயே தண்டனை என்று ஒரு மடாலயத்துத் துறவி எழுதிவைத்துவிட்டார். எழுநூறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் படிக்கும்போது சுடுகிறது.

அளவு மோசடி மீதான கோபத்தை நீ நேரிலேயே பார்க்கலாம். புனித லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர் இருக்கைகளை மடக்கினால், அடியில் மரச்சிற்பங்கள். மொத்தம் 28. பதினைந்தாம் நூற்றாண்டு வேலை. அதில் ஒன்றில், குறைந்த அளவில் மது ஊற்றி ஊரை ஏமாற்றிய ஒரு பெண்ணைப் பேய் ஒன்று தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. அவள் கையில் அந்தக் கள்ளக் குவளை. ஒரு பேய் அவளுடைய பாவக் கணக்கை வாசிக்க, இன்னொன்று பைக்குழல் ஊதுகிறது. சந்தையை நம்பிப் பிழைத்த ஊருக்கு எது பெரிய பாவமாகத் தோன்றியிருக்கிறது பார்! அந்த மரத்துண்டின் முன்னால் நான் வெகு நேரம் நின்றேன்.

இவ்வளவு பெரிய தேவாலயம் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். பாமர்ஸ் கில்டு என்று ஒரு சங்கம் இருந்தது. இறந்தவர்களின் ஆன்மாவுக்காகக் குருமார்கள் பிரார்த்தனை செய்ய, உறுப்பினர்கள் பணம் கட்டினார்கள். லட்லோக்காரர்கள் மட்டும் இல்லை, இங்கிலாந்து, வேல்ஸ் எங்கும் இருந்து சேர்ந்தார்கள். அந்தப் பணம் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறி வாடகை தந்தது, பள்ளி நடத்தியது, கண்ணாடி ஓவியம் பதித்த ஜன்னல் வைத்தது. 1551இல் சங்கம் கலைந்தது. கோபுரத்துக்கு ஏறக்குறைய 200 படிகள். என் முழங்காலை நம்பி இன்னும் ஏறவில்லை.

சரி, கோட்டைக்கு வருகிறேன். நாட்டின் பெரிய கதை எல்லாம் இந்தக் கோட்டை வழியாகவே போயிருக்கிறது. அரச குடும்பத்துக்குள்ளேயே நடந்த உள்நாட்டுப் போரில், 1459 அக்டோபரில், யார்க் கோமகனின் படை கீழே லட்ஃபோர்ட் பாலத்துக்கு அருகே மன்னன் படையை எதிர்த்து நின்றது. அவர் பக்கத்திலிருந்த ஒரு தளபதி இரவோடு இரவாக எதிர்ப்பக்கம் போய்விட, கோமகனும் தப்பி ஓடிவிட்டார். மன்னன் படை ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. இரண்டு வருடத்துக்குள் அதே கோமகனின் மகன் நான்காம் எட்வர்டாக முடிசூடினார். 1461இல் லட்லோவுக்குத் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் சாசனம் கொடுத்தார். பிறகு தன் மூத்த மகனை இங்கேயே அனுப்பி வளர்த்தார். 1483 ஏப்ரலில் தகப்பன் இறந்த செய்தி வந்து, அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் லட்லோவிலிருந்துதான் லண்டனுக்குப் புறப்பட்டான். லண்டன் கோபுரத்தில் தம்பியோடு காணாமல் போன இளவரசன் அவன்தான்.

அடுத்து ஆர்தர். ஏழாம் ஹென்றியின் மூத்த மகன். 1501 நவம்பரில் ஸ்பெயின் இளவரசி கேதரினோடு கல்யாணம். இருவரும் லட்லோவுக்கு வந்து வாழ்ந்தார்கள். 1502 ஏப்ரல் 2ஆம் தேதி, பதினைந்து வயதில், ஆர்தர் நோயில் இறந்தான். உடல் வூஸ்டர் பேராலயத்துக்குப் போனது. விதவையான கேதரினைத் தம்பி எட்டாம் ஹென்றி பின்னால் மணந்துகொண்டான். அந்த மணத்தை ரத்து செய்ய போப் மறுத்ததில்தான் இங்கிலாந்து ரோமை விட்டே பிரிந்தது. 'அண்ணன் மனைவியை மணந்தது செல்லுமா' என்று ஐரோப்பாவின் பண்டிதர்களெல்லாம் வாதாடிய அந்த வழக்கின் வேர், இந்தக் கோட்டையில் ஒரு சிறுவன் படுத்த நோய்ப்படுக்கை. அந்த அறைகளுக்கு இப்போது கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானமும், சுவரில் பாதியில் நிற்கும் கணப்புகளும்தான்.

கோட்டை பாழானதற்குப் போர் காரணம் இல்லை. வேல்ஸையும் எல்லைப்புறத்தையும் நிர்வகித்த கவுன்சில் இங்கிருந்துதான் நடந்தது. வழக்குக்கு வந்தவர்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள் என்று ஊர் நிறைந்திருந்த காலம் அது. 1689இல் அந்தக் கவுன்சிலைக் கலைத்தார்கள். அதோடு கோட்டைக்கு வேலை போயிற்று, பராமரிப்பாரும் இல்லை. ஊர் மட்டும் படுத்துவிடவில்லை. சுற்றுவட்டார நிலக்கிழார்கள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வீடு வாங்கினார்கள். பிராட் ஸ்ட்ரீட்டில் அழகான செங்கல் முகப்புகள் பார்க்கிறேனே, பலவற்றின் உள்ளே பழைய மரச்சட்ட வீடே இருக்கிறது. முன்பக்கம் மட்டும் புதிது. அந்தத் தெருவின் கீழ்முனையில் ஊர் மதிலின் வாசல் ஒன்று நிற்கிறது. இருந்த ஏழு வாசல்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதன் தலைமேல் ஒரு வீடு, அடியில் கார்கள் போய்வருகின்றன. கையுறைத் தொழில் கொஞ்ச காலம் ஓகோவென்று நடந்து ஓய்ந்தது. 1852இல் ரயில் வந்தது. பெரிய ஆலை எதுவும் பழைய தெருக்களை இடிக்க வரவில்லை.

இப்போது உனக்கென்று ஒரு செய்தி. பாழடைந்த இந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? போவிஸ் பிரபு எட்வர்ட் கிளைவ். நம் ஆற்காட்டு முற்றுகை ராபர்ட் கிளைவின் மகன்! கிளைவ் குடும்பம் ஷ்ராப்ஷயர்க் குடும்பம்தான். எட்வர்ட் 1774 முதல் இருபது வருடம் நாடாளுமன்றத்தில் லட்லோவின் உறுப்பினர். 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதும் அவர் ஆளுநராக இருந்த 1799இல்தான். நீ சேப்பாக்கத்தில் வேலை பார்த்த நாளெல்லாம் கடந்து போனாயே ராஜாஜி ஹால், அதைத் திப்புவை வென்றதற்காக விருந்து மண்டபமாகக் கட்டவைத்தவர் அவர்.

இதை அறிந்த நாளில் கோட்டைக்குள் கால் வைக்கக் கொஞ்சம் கனமாக இருந்தது. இந்த ஊர் மக்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கோட்டை இன்றும் அந்தப் பிரபுக் குடும்பத்தின் வசமே இருக்கிறது, நன்றாகவே பாதுகாக்கிறார்கள். ஆனாலும் இங்கே வைத்திருக்கும் விளக்கங்களில் கயத்தாறுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கோட்டை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். நீ வரைவைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

சந்தையைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேனே. 1887 வாக்கில், விக்டோரியா காலத்தில், சந்தைத் திடலின் மேலேயே செங்கல்லில் ஒரு பெரிய டவுன் ஹால் கட்டினார்கள். நூறு வருடம் அது அங்கே உட்கார்ந்திருந்தது. 1986இல் இடித்தார்கள். இடித்த இடத்தில் வேறு எதையும் கட்டாமல் திடலைத் திறந்தவெளியாகவே விட்டு, சந்தையைத் திரும்பக் கூட்டினார்கள் பார், அந்த முடிவை எடுத்தவர்களை நான் மனசாரப் பாராட்டுகிறேன். நம் நாட்டில் நீ எத்தனை கோப்புகளில் இதற்காக மல்லுக்கட்டியிருப்பாய்!

திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் சந்தை. கோடு போட்ட துணிக்கூரையின் கீழே காய்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி, பூச்செடி, பழைய புத்தகம். மே மாதத் தொடக்கத்தில் திடல் முழுக்க ராட்டினம் வந்துவிடுகிறது. பேத்தி இறங்கவே மறுத்தாள். 1995இலிருந்து செப்டம்பரில் கோட்டைக்குள் உணவுத் திருவிழாவும் நடத்துகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் விளைவதையும் செய்வதையும் விற்க ஆரம்பித்தது, இப்போது நாடெங்கும் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

செப்டம்பரில் நீயும் கமலாவும் புறப்பட்டு வாருங்கள். டாக்டர் விமானப் பயணத்துக்குச் சரி என்று சொன்னால் உடனே எழுது, விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை மகன் அனுப்பிவைப்பான். வரும்போது ராஜாஜி ஹால் படிக்கட்டிலிருந்து முகப்பை ஒரு படம் எடுத்து வா. என் கடிதத்தோடு வைக்க உதவும். கமலாவையும் பிள்ளைகளையும் நான் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்