'அனலிஸ்ட்' என்றால் என்ன வேலை என்று கேளுங்கள்: வணிகவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பி.காம். முடித்தவன் நான். இப்போது மும்பையில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தில் வேலை. அதற்கு முன் நாலு வருடம் சென்னையில். அந்த நாலு வருடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கேம்பஸில் எனக்குக் கிடைத்த வேலையின் பெயர் 'அனலிஸ்ட்'. அம்மா தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். அலுவலகம் சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில். மதியம் 2 மணிக்கு கேப் வரும். லண்டனில் நடந்த பங்கு வர்த்தகப் பட்டியலை வங்கி அனுப்பிய பட்டியலோடு வரிவரியாக ஒத்துப் பார்ப்பேன். பொருந்தாத வரிக்கு மஞ்சள் அடித்து மெயில் போடுவேன். கௌரவமான வேலை, ஒன்றாம் தேதி சம்பளம். ஆனால் அந்தப் பங்கை ஏன் வாங்கினார்கள் என்று சொல்லக்கூடியவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூடக் கிடையாது.

அப்புறம் மும்பையில் ஓர் இண்டர்வியூ. கையில் ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்து, "இந்தக் கம்பெனிக்கு நீங்கள் கடன் கொடுப்பீர்களா?" என்றார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை.

ரிசர்வ் வங்கியின் தலைமையகம் 1937 முதல் மும்பையில் இருக்கிறது. 1875-இல் தொடங்கிய மும்பைப் பங்குச்சந்தையும், தேசியப் பங்குச்சந்தையும், பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபியும் அங்கேதான். சென்னைக்கும் ஒரு பங்குச்சந்தை இருந்தது, 2015-இல் மூடிவிட்டார்கள். பங்கு ஆய்வு, புதுப் பங்கு வெளியீடு என்று ஆசைப்படும் பிள்ளை மும்பைக்குப் போகத்தான் வேண்டும். டெபாசிட்டும் புரோக்கர் கமிஷனும் முதல் மாதமே பணத்தைக் கரைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மும்பையின் சயான் பகுதியில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன்.

கடன் கொடுக்கும் தொழில் பிடித்தவர்களுக்குச் சென்னையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனங்களான, 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸுக்கும், சோழமண்டலம் ஃபைனான்ஸுக்கும் தலைமை அலுவலகம் சென்னையில்தான். நாமக்கல் லாரிக்காரரிடம் உட்கார்ந்து மாதம் எத்தனை நடை, டயர் எப்போது மாற்றணும், எந்த மாதம் தவணை தள்ளிப்போகும் என்று கேட்டுக் கடன் எழுதுவது பெரிய படிப்பு. என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படித்தான் தொடங்கினாள். அவள் ஒரு தொழிலை எடை போடும் வேகம் எனக்கு இன்னும் வரவில்லை. இதையெல்லாம் கல்லூரியில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கேம்பஸுக்கு வரும் நிறுவனத்திடம் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: முதல் வருடம் எங்கள் பிள்ளை காலை முதல் இரவு வரை என்ன செய்வாள்? அவள் பார்க்கும் கணக்கின் மேல் முடிவெடுப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? பதிலை நோட்டீஸ் போர்டில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாளாவது அது பிள்ளைகள் கண்ணில் படட்டும்.

அன்புடன்,
பழைய மாணவன்