அந்தக் கரையில் ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வடதுருவப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நார்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், என்ன உடுப்பு வேண்டும் என்று பயனுள்ள தகவல்கள் நிறைய இருந்தன. ஆனால் இரண்டு வரிகள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. கல்லையும் பனியையும் தவிர அங்கே ஒன்றுமில்லை, மனிதக் காலடி படாத கரை என்று ஒரு வரி. நினைவாக ஒரு கூழாங்கல்லாவது எடுத்து வாருங்கள் என்று இன்னொரு வரி. போன ஜூலையில் அந்தக் கரையில் இறங்கி நடந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

32 வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். மகள் நார்வேயில் வேலை பார்க்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவையாவது பாடத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள்தான் கூட்டிப்போனாள். லாங்யர்பியென் ஊரில் கப்பல் ஏறினோம். நூறு பேர்கூட இல்லாத சின்னக் கப்பல். ஜூலை மாதம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெயில் அடிக்கிறது, ஆனாலும் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது.

முதலில் இறங்கிய இடம் மாக்டலேனா ஃபியோர்டு. 79 பாகை வடக்கையும் தாண்டிய இடம். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து நிற்கிறது, அதன் கோடியில் பனியாறு. ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுபோனார்கள். கப்பலை விட்டு இறங்கும் முன்பும், திரும்பி ஏறிய பின்பும் பூட்ஸைக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். வெளியூர் விதை ஒன்றுகூட, பறவைக் காய்ச்சல்கூட, நம் காலோடு போய்விடக் கூடாது. வழிகாட்டி ஒரு பெண், தோளில் துப்பாக்கி. துருவக்கரடி உள்ள ஊர்.

நாங்கள் இறங்கிய முனைக்கு கிராவ்நெசெட் என்று பெயர். கல்லறை முனை என்று அர்த்தம். 17ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்கு வந்து, ஊர் திரும்பாமல் இறந்துபோனவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுமாக ஏறத்தாழ 130 பேர் அங்கே கிடக்கிறார்கள். தனித்தனிப் பெயர்ப்பலகை கிடையாது, கற்குவியல்தான். சுற்றிலும் சங்கிலி. கொஞ்சம் தள்ளித் திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சிய அடுப்புகளின் மிச்சம் இருக்கிறது. சிந்திய எண்ணெயும் மணலும் சேர்ந்து சிமெண்டுபோல இறுகிப்போய், 400 வருடமாக அப்படியே வட்டமாக நிற்கிறது. அந்த எண்ணெய்தான் அன்றைக்கு ஐரோப்பாவில் விளக்கெரித்தது, சோப்பானது. திமிங்கிலம் அடியோடு அருகிப்போகும் வரை வேட்டை நிற்கவில்லை. காலடி படாத கரை என்று இதை எப்படிச் சொல்வது?

சரி, கூழாங்கல்லுக்கு வருகிறேன். நானும் ஒன்றை எடுத்தேன். கறுப்பும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடிய, நைஸ் (gneiss) என்ற பாறையின் துண்டு, உள்ளங்கை அளவு. பேரனுக்குக் காட்டலாம் என்று சட்டைப் பைக்குள் போடப் போனேன். வழிகாட்டி பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "எங்கே எடுத்தீர்களோ அங்கேயே, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்" என்றார். வைப்பதற்காகக் குனிந்தபோதுதான் சரியாகப் பார்த்தேன். கல் இருந்த குழியில் ஈரம். காற்று அடிக்காத பக்கத்தில், கல்லின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு செடி. சுண்டுவிரல் நகம் அளவு இலை, நாலைந்து. உயரம் இரண்டு விரற்கடைகூட இல்லை. துருவ வில்லோ என்றார். வில்லோ என்றால் மரம். அங்கே மரம் வளர்வது அவ்வளவுதான். அந்தக் கல்தான் அதற்குச் சுவர். கல்லை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தேன். எழும்போது முழங்காலைவிட மனசு அதிகம் வலித்தது.

பாசி மேல் கால் வைத்தால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் மறையாது. வளர்வதற்கு ஏற்ற வெப்பம் வருடத்தில் சில வாரம்தானே கிடைக்கிறது. அதனால் கல் மேலேயே, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். அதிலும் ஒரு சிக்கல். வடதுருவ ஆலா என்ற கடற்பறவை முட்டையிடுவது அந்தக் கற்களுக்கு நடுவில்தான். கூடு என்று ஒன்றும் கிடையாது, சின்னப் பள்ளம், ஒன்றிரண்டு முட்டை, கல் நிறத்தில் கல் மாதிரியே. எங்கள் குளச்சல் கரையில் ஆலாவைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான், ஆனால் இந்த ஆலா வேறு. தென்துருவக் கடல் வரை போய்த் திரும்புகிறது, வருடத்துக்கு ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் பறக்கிறது. கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையைக் கொத்த வரும். எங்கள் மேல் ஒன்று கிரீச்சென்று பாய்ந்ததும், வழிகாட்டி கையிலிருந்த குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இருப்பதில் உயரமானதைத்தான் அது கொத்துமாம். எல்லோரும் அப்படியே பின்னோக்கி நகர்ந்தோம்.

இரண்டு நாள் கழித்து வடகரையில் ஓரிடம். அங்கே கரை படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு காலத்துக் கடற்கரை. பனியின் பாரத்தில் அழுந்திக் கிடந்த நிலம், பனி உருகிய பிறகு மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்த படம். அன்று அதன் மேல் ஏறி நடந்தேன், கண் நிறைந்துவிட்டது.

கரை முழுக்க மரக்கட்டைகள். மரமே வளராத ஊரில் அத்தனை கட்டை! சைபீரிய ஆறுகளில் விழுந்தவை, பனிப்பாளத்தில் உறைந்து வருடக்கணக்கில் மிதந்து வந்து ஒதுங்கியவை. பனி தாங்காவிட்டால் பாதிவழியிலேயே ஊறி மூழ்கிவிடும். கடற்பனி குறையக் குறைய இனி வரும் கட்டையும் குறையும். சிலவற்றின் நுனியில் கோடரி வெட்டு அப்படியே தெரிந்தது.

அந்தக் கட்டைகளுக்கு நடுவே பாதி புதைந்து ஒரு வலை. என் அப்பா கரைமடி இழுத்தவர். வலையைக் கண்டதும் கை தானாகக் கண்ணியை அளந்தது, நான்கு விரல் நுழைந்தது. இழுவலை. கூடவே ஆரஞ்சு நூல் கொத்துக் கொத்தாக. வலையின் அடிப்புறம் கடல்தரையில் உரசித் தேயாமல் இருக்க அந்த நூலைக் கட்டுகிறார்கள், அது அறுந்து அறுந்து கடலில் சேர்கிறது. கலைமானின் கொம்பு இந்த வலையில் சிக்கினால் மான் இழுத்து இழுத்தே செத்துப்போகும் என்றார் வழிகாட்டி. 12 பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் கத்தியால் அறுத்து மூன்று சாக்கு நிறைத்தோம். வலையில் முக்கால்வாசி இன்னும் மண்ணுக்குள் உறைந்து கிடக்கிறது.

கட்டுரையில் விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, அது துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும் சரி. வேட்டைக் களத்தில் கிடக்கும் திமிங்கில எலும்புக்கும் வால்ரஸ் எலும்புக்கும் பாதுகாப்பு உண்டு. 2025 ஜனவரி முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கப்பல் பயணிகள் 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் அந்தப் பகுதிக்குள் வரக் கூடாது. துருவக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளால் பயணத்தின் சுவை போய்விட்டது என்று கப்பலில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னும் கடுமையாக இருந்தாலும் நல்லதுதான்.

நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே நீ-ஓலசுண்ட் என்ற ஊரில் 2008 முதல் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2014இல் பக்கத்துக் கொங்ஸ்ஃபியோர்டில் கடலுக்கடியில் இறக்கிய கருவிகளில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பு உண்டு.

என் வேண்டுகோள் இதுதான். கூழாங்கல் எடுத்து வரச் சொன்ன வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்து இப்படி ஒரு கட்டுரை வரும்போது அந்த இடத்து விதிகளை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். அங்கே போக வசதியும் ஆசையும் உள்ளவர்கள் உங்கள் பத்திரிகையை நம்பிப் படிக்கிறார்கள்.

திரும்பும் நாளில் சாக்கிலிருந்து ஒரு சாண் ஆரஞ்சு நூலை வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கரையிலிருந்து நான் கொண்டுவந்தது அது மட்டும்தான். பேரன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கொள்ளுத்தாத்தா வலை மாதிரியே வாசம் வருது பாட்டி" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
குளச்சல்.