டார்ச்சில் மாற்றி வைத்த எல்இடி, செத்துப்போய் வந்த பேட்டரி: புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.
18.11.2024

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழி விற்பனைப் பிரிவு, சென்னை.

பொருள்: விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான டார்ச் அனுப்பியது, பாழான லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடச் சொன்னது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அக்டோபர் 21 அன்று உங்கள் இணையதளத்தில் 14,800 ரூபாய் கட்டி ஒரு டாக்டிக்கல் டார்ச் (போலீஸ், ராணுவத்தினர் பயன்படுத்தும் வகை உறுதியான லைட்) வாங்கினேன். 28ஆம் தேதி கைக்கு வந்தது. நீங்கள் விளம்பரத்தில் சொன்ன பொருள் அது இல்லை. கூட வந்த பேட்டரியோ சார்ஜரில் போடவே கூடாத நிலையில் இருந்தது. மூன்று முறை உங்கள் ஆட்களிடம் பேசிவிட்டேன். “லைட் எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்று கேட்கிறார்கள். என்ன என்பதை இந்தக் கடிதத்தில் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் சிறு தேயிலை விவசாயி. பதினோரு வருடமாக டார்ச் லைட் சேகரிக்கிறேன். எங்கள் தாத்தா வைத்திருந்த மூணு கட்டை எவரெடி டார்ச்சில் தொடங்கி இன்று 31 இருக்கிறது. இரண்டு சிஆர்123 என்ற சின்ன லித்தியம் பேட்டரியில் 65 லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு) தரும் பழைய ஷூர்ஃபயர் 6பி மாடல் டார்ச் ஒன்று இருக்கிறது. குண்டு பல்பு காலத்தில் உள்ளங்கையில் அடங்கும் லைட்டுக்கு அது எவ்வளவு பெரிய வெளிச்சம் என்பது அதை எரித்துப் பார்த்தால்தான் புரியும். துப்பாக்கியில் மாட்டுவதற்கென்று செய்த லைட்டும் இரண்டு வைத்திருக்கிறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. சுடும்போது வரும் உதைப்பைத் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த லைட்டுகளை ஒருவன் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் என்று கழற்றிப் பார்ப்பதில் எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

உங்களிடம் வாங்கியது அலமாரியில் வைக்க மட்டும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர எஸ்டேட் வழியாக அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் யானை வராத வாரம் கிடையாது. முன்னால் யானை நிற்பது நூறு அடியில் தெரிந்து பயனில்லை. இருநூறு மீட்டரில் தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம். அதனால்தான் லூமனைப் பார்க்காமல், தூரம் போகும் கற்றைக்காக இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் பக்கத்தில் 1,00,000 கேண்டெலா (கற்றை ஒரே திசையில் எவ்வளவு தீவிரமாகப் போகிறது என்ற அளவு), 632 மீட்டர் என்று போட்டிருந்தது.

வந்த லைட்டை என் லக்ஸ் மீட்டரில் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) அளந்தேன். இந்த லைட்டுக்கான 21700 அளவில் என்னுடைய நல்ல லித்தியம் பேட்டரி, 4.2 வோல்ட் முழு சார்ஜ், இருட்டறை, சரியாக 5 மீட்டர் தூரம், எரியவிட்டு 30 வினாடி கழித்து அளவு. மீட்டர் காட்டியது 1,050 லக்ஸ். தூரத்தின் வர்க்கமான 25-ஆல் பெருக்கினால் 26,250 கேண்டெலா. டார்ச் லைட்டுகளுக்கான எஃப்எல்1 தர அளவின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடம்தான் ஒரு டார்ச்சின் தூரம். அந்தக் கணக்கில் இது 324 மீட்டர். 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் புதரோடு புதராக நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது. காகிதத்தில் போட்ட தூரத்தில் பாதிகூட நடைமுறையில் உதவாது. ஆக, 324 என்பது எனக்கு 150-க்கும் குறைவு. மீட்டர் தப்பாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், 40,000 கேண்டெலா என்று போட்டு வந்த என்னுடைய வேறொரு லைட்டையும் அதே இடத்தில் வைத்து அளந்தேன். 38,500 வந்தது. மீட்டரில் கோளாறு இல்லை.

வித்தியாசம் எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லைட்டை அணைத்துவிட்டு முன்கண்ணாடி வழியாகக் கை லென்ஸ் வைத்துப் பார்த்தாலே போதும். நீங்கள் விளம்பரப்படுத்தியது மேலே குமிழ் இல்லாத தட்டையான எல்இடி: சின்னதாக, மஞ்சள் நிறத்தில், ஓரம் கூராக ஒரு சதுரம். என்னிடம் வந்ததில் இருப்பது மழைத்துளி மாதிரி உருண்டையான குமிழும், அதற்கடியில் அதைவிடப் பெரிய சதுரமும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. வெளிச்சம் எவ்வளவு சின்ன இடத்திலிருந்து புறப்படுகிறதோ அவ்வளவுக்கு ரிஃப்ளெக்டர் அதை இறுக்கித் தூரத்துக்கு அனுப்பும். குமிழ் அந்த இடத்தையே பெரிதாக்கிக் காட்டும், கற்றை பரந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு இது ‘நல்ல வெளிச்சமாக’த்தான் தெரியும். உங்கள் ஊழியர் “எரியுதுல்ல” என்று சொன்னதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். உங்கள் கடைச் சுவரில் அடித்துப் பார்த்தால் குறை தெரியாது. எங்கள் ஊர் வளைவில் நின்று அடித்தால் தெரியும்.

அடுத்தது ஸ்பிரிங். பேட்டரியின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் உண்டு, ரைஃபிளில் மாட்டினாலும் தாங்கும் என்று எழுதியிருந்தீர்கள். இதில் பின்மூடியில் மட்டும்தான் ஸ்பிரிங். முன்பக்கம் வெறும் பித்தளைப் பொட்டு. லைட்டை எரியவிட்டு அதன் பின்மூடியை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினால் அணைந்து எரிகிறது. பேட்டரி ஒரு நொடி பின்னால் போய் வருகிறது என்று அர்த்தம். என் துப்பாக்கி லைட்டுகள் இரண்டையும் அதே மாதிரி தட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட இமைக்கவில்லை. கைதவறிக் கல்லில் விழும் நேரத்தில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த வகை லைட்டுக்கு இவ்வளவு விலை.

பின்மூடியைக் கழற்றியபோது மரையின் கறுப்புப் பூச்சு முனைகளில் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. கிரீஸில் மணல் நறநறத்தது. புதுப் பொருளில் இது இருக்காது. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததை எனக்கு அனுப்பிவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இருக்க வேண்டிய இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எதுவும் பெட்டியில் இல்லை.

இவற்றை எல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது பேட்டரி விஷயத்தில்தான். பக்கவாட்டில் எலக்ட்ரானிக் சுவிட்ச் உள்ள லைட், அணைத்து வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அனுப்பும்போது பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவில் பிளாஸ்டிக் வட்டு ஒன்று வைப்பார்கள். இதில் வட்டு இல்லை. மல்டிமீட்டரில் வைத்தேன்: 1.3 வோல்ட். புதுப் பேட்டரி 3.6 வாக்கில் வர வேண்டும். இந்த வகை 2.5-க்குக் கீழே போகவே கூடாது. அவ்வளவு கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம்.

இதை உங்கள் ஊழியரிடம் வாட்ஸ்அப்பில் படத்தோடு சொன்னேன். நவம்பர் 2 அன்று அவர் அனுப்பிய பதில்: “நைட் ஃபுல்லா சார்ஜ்ல போடுங்க சார், சரியாயிடும்.” எல்லோரும் தூங்கும் நேரத்தில், மரக்கூரை வீட்டில், 1.3 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரியை! எனக்கு விவரம் தெரிந்ததால் போடவில்லை. உங்களிடம் முதல்முறையாக ஒரு டார்ச் வாங்கிய ஒரு பெரியவர் இந்தப் பதிலை நம்பிப் போட்டிருப்பார். அந்த ஊழியரைத் திட்ட வேண்டாம். எந்த வோல்ட்டுக்குக் கீழே சார்ஜ் போடச் சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுங்கள். அந்தச் சரக்கில் போன மற்ற லைட்டுகளை வாங்கியவர்களுக்கும் போன் செய்து சொல்லுங்கள். பணத்தைவிட முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

கடைசியாகப் பேசியபோது, “தலைப்பகுதியைக் கழற்றிவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது” என்றார்கள். தலைப்பகுதியை நான் தொடவில்லை. பேட்டரி போட யாராக இருந்தாலும் பின்மூடியைத் திறக்கத்தான் வேண்டும். தலைப்பகுதி மரையில் உள்ள பசை உடையாமல் இருப்பதைப் படத்தில் பார்க்கலாம். பெட்டியைத் திறந்ததிலிருந்து எடுத்த வீடியோ, லக்ஸ் மீட்டர் அளவு, எல்இடி படம், உங்கள் விளம்பரப் பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது முழுப் பணமான 14,800 ரூபாய். விளம்பரத்தில் சொன்ன அதே எல்இடி உள்ள, பிரிக்காத லைட்டை அனுப்பினாலும் வாங்கிக்கொள்வேன். அந்த மாடல் இன்னமும் எனக்குப் பிடித்ததுதான். “ஐநூறு ரூபாய் கூப்பன் தருகிறோம்” என்றார்கள், அது வேண்டாம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை நீங்கள் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

லைட்டைத் திருப்பி அனுப்பத் தயாராகப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டேன். பேட்டரியை மட்டும் அதில் வைக்கவில்லை. பாழான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கூடாது. கூரியர்காரரிடம் உண்மையை மறைத்துக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே மண்சட்டியில் மணலுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அதைச் சாலை வழியாக எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்து, வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். ஆள் பகலில் வரட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வழியில் யாரையும் நடக்கச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்